அணைந்துபோன பன்னிரண்டு விளக்குகள்

அத்தியாயம் 6

ஓட்டப்பிடாரம் சாலையில் ஒரு சைக்கிள் மூச்சு வாங்கிக்கொண்டு போனது. மிதித்தவன் பூவனநாதன். பின்னால் கேரியரில் குடையைப் பிடித்தபடி, பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தவர் துப்பறிவாளர் சாமித்துரை.

1959-ஆம் வருஷத்துப் பங்குனி. கரிசல் காடு உள்ளங்கை அகலத்துக்கு வெடித்துக் கிடந்தது.

"அண்ணாச்சி, கதைப் புஸ்தகத்துல துப்பறியுதவரு காருல போறாரு. உதவியாள் பக்கத்துல உட்கார்ந்து சிகரெட் பத்த வைக்கான். நம்ம கதை மட்டும் ஏன் இப்படி?"

"கதைப் புஸ்தகத்துல உதவியாள் இம்புட்டுப் பேச மாட்டாம்லே. மிதி."

"மிதிக்கேன், மிதிக்கேன். அந்தச் சுடலைக்கண்ணு வாயைத் திறந்தாப் போதும். நாளைக்கு ஜும்மா தொழுகை முடிஞ்சு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாறதுக்குள்ள கேஸை முடிச்சிரலாம்."

கேஸ் முடிவதில் சாமித்துரைக்கு அவ்வளவு அவசரமில்லை. அதற்குக் காரணம் பூவனநாதனுக்குத் தெரியாது. கேஸ் கொடுத்த பக்ருன்னிசாவுக்கும் தெரியாது.

மூன்று நாளைக்கு முன்னால்தான் அவள் கோவில்பட்டி ஸ்டேஷன் பக்கத்துக் கடலைமிட்டாய்க் கடை மாடியில் இருக்கும் இவர்கள் ஆபீசுக்குப் படியேறி வந்தாள். வயது நாற்பது இருக்கும். வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினாள்.

யுத்த காலத்தில், ஊருக்குத் தெற்கே வெள்ளைக்கார ராணுவம் அவசரமாக ஒரு விமானத் திடல் போட்டிருந்தது. அவள் புருஷன் செய்யது அலிக்கு அங்கே விளக்கு வேலை. பூவாளி மாதிரி மூக்கு நீண்ட தகர விளக்குகள் இருபத்து நான்கு. மண்ணெண்ணெய் ஊற்றி, வடக்கே பன்னிரண்டு, தெற்கே பன்னிரண்டு என்று இரண்டு வரிசையாக வைத்தால், ராத்திரி வருகிற விமானம் நடுவே இறங்கும். 1944 ஐப்பசியில் ஓர் இரவு, இறங்கிய விமானம் திடலை விட்டு விலகி, மழையில் ஊறிக் கிடந்த கரிசல் சேற்றில் புதைந்து குப்புறக் கவிழ்ந்தது. ஓட்டி வந்த வெள்ளைக்காரப் பையன் அங்கேயே செத்துப்போனான். மண்ணெண்ணெயைத் திருடி விற்றுவிட்டு விளக்கை அணைய விட்டதாகச் செய்யது அலி மேல் வழக்கு. யுத்த காலச் சட்டம். மூடிய அறையில் விசாரணை. நான்கு வருஷம் தண்டனை. அன்று முதல் ஊரில் அவருக்குப் பெயர் 'மண்ணெண்ணெய்த் திருடன்'.

இப்போது மகள் ஜரினாவுக்குப் புதியம்புத்தூர்த் துணிக்கடைக்காரர் வீட்டில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். யாரோ அந்தப் பழைய கதையைக் கொண்டுபோய் அங்கே ஓதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜமாஅத்தில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் முடிவு என்று சொல்லிவிட்டார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

"அவிய திருடலை அண்ணாச்சி. எனக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க," என்றாள் பக்ருன்னிசா. "அன்னைக்கு மத்தியானம் அவியளுக்குக் குளிர்காய்ச்சல். கம்பளியைப் போத்திக்கிட்டு வெட்டி வெட்டி இழுக்கு. மிச்ச விளக்குக்கெல்லாம் நான்தான் ஊத்தினேன். விளிம்பு தட்ட ஊத்தினேன். குறைச்சு ஊத்துத பழக்கமே எங்க குடும்பத்துல கிடையாது. அப்புறம் எங்கன குறையும்? கோர்ட்டுல வந்து சொல்லுதேன்னு கெஞ்சினேன். வரக்கூடாதுன்னு எம்புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாவ."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சாமித்துரைக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஏனென்றால், அந்த வழக்கைப் பிடித்தவரே அவர்தான். அப்போது அவர் கான்ஸ்டபிள். விடிகாலையில் திடலுக்குப் போய், செத்தவனைத் தூக்க ஒரு கை கொடுத்துவிட்டு, அணைந்து கிடந்த விளக்கு ஒன்றைச் சாய்த்துப் பார்த்தார். மூக்கு வழியாக வந்தது தண்ணீர். எண்ணெயைத் திருடிவிட்டு அளவு காட்டத் தண்ணீர் ஊற்றியிருக்கிறான் என்று அந்த நிமிஷமே அவருக்குப் பளிச்சிட்டது. லாக்கப்பில் செய்யது அலிக்கு இரண்டு அறை விட்டார். மூன்றாவது அறைக்குக் கை ஓங்குமுன் அந்த மனிதர், "ஆமா, நான்தான்" என்று சொல்லிவிட்டார். மேலதிகாரிகள் சாமித்துரையின் மூளையை மெச்சினார்கள். ஆறு மாதத்தில் ஏட்டு ஆனார். வேலையை விட்டுவிட்டு இப்போது துப்பறியும் ஆபீஸ் நடத்துவதும் அந்த மெச்சுதலை நம்பித்தான்.

பக்ருன்னிசாவிடம், "அந்த ஆளே நான்தான்" என்று அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று பிடித்தது சரிதான் என்று இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாமே என்ற அற்ப ஆசை. அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் கூச்சமாக இருந்தது.

பஞ்சு குடோன் வாசலில் உடைமர நிழலில் சுடலைக்கண்ணு கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தான். அந்தக் காலத்தில் விளக்குகளைக் காவடி கட்டித் தூக்கிக்கொண்டுபோய் வரிசையாக வைத்தவன் இவன்தான். இப்போது குடோன் காவல்.

"செய்யது அலி பாய் கேஸா? பதினைஞ்சு வருசம் கழிச்சா?" வெங்காயத்தை ஒரு கடி கடித்தான். "அன்னைக்கே ஒருத்தனும் என்னையக் கேக்கலை."

"இன்னைக்கு நாங்க கேக்கோம்," என்றான் பூவனநாதன். "எத்தனை விளக்கு அணைஞ்சுது?"

"பன்னிரண்டு."

"இருபத்து நாலுல பாதியா?"

"பாதின்னா அங்கொண்ணு இங்கொண்ணு இல்ல தம்பி. தெக்கு வரிசை சுத்தமா அணைஞ்சு போச்சு. பொருத்திக் காமணி நேரம் நல்லாத்தான் எரிஞ்சுது. பிறவு பொரிஞ்சு பொரிஞ்சு ஒவ்வொண்ணா உசுர விட்டுட்டு. வடக்கு வரிசை விடிய விடிய எரிஞ்சுது. காலையில நான்தான் அணைச்சேன்."

சாமித்துரை குடையை மடக்கினார். அவர் பார்த்தது ஒரே விளக்கு. எழுதியது 'விளக்குகள்' என்று.

"ஒத்தை வரிசை மட்டும் எரிஞ்சா," என்று மெதுவாகச் சொன்னார், "திடல் அதுக்கு வலப்பக்கமா இடப்பக்கமான்னு மேல இருக்கிறவனுக்குத் தெரியாது."

"அதான் நடந்துது! வடக்கு வரிசைக்குத் தெக்க இறங்க வேண்டியவன் வடக்க இறங்கிட்டான். கொழகொழன்னு சேறு. சக்கரத்தை அப்படியே பிடிச்சுக்கிட்டு."

பூவனநாதன் கண்ணைச் சிமிட்டினான். "ஒரு வரிசையில மட்டும் திருடி, இன்னொரு வரிசைக்கு ஒழுங்கா ஊத்தின திருடன்! பாதி யோக்கியனை இப்பத்தான் கேள்விப்படுதேன். போலீஸு ஒண்ணும் கேக்கலையா அண்ணாச்சி?"

"ஒரு கான்ஸ்டபிள் வந்தான். மீசை இம்புட்டுப் பெருசு. ஒரு விளக்கைத் தூக்கிச் சாய்ச்சான். 'ஆகா'ன்னான். வந்த வழியே போயிட்டான். நான் அங்கனதான் நின்னேன், வடக்கு வரிசை அணையலைன்னு சொல்லப் போனேன். 'தள்ளுலே'ன்னுட்டான்."

பூவனநாதன் விழுந்து விழுந்து சிரித்தான். "அந்த மகராசன் மூளைக்குப் போக வேண்டிய தண்ணியெல்லாம் மீசைக்குப் போயிருக்கும்!"

சாமித்துரையும் சிரிக்கப் பார்த்தார். உதடு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. இப்போது அவருக்கு மீசை இல்லை. முன் வழுக்கையும் மூக்குக் கண்ணாடியும்தான். அது எவ்வளவு வசதி என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் காது சுட்டது.

"கடைசியா ஒண்ணு. ரெண்டு வரிசைக்கும் எண்ணெய் ஊத்தினது ஒரே ஆளா?"

"வடக்குக்கு மத்தியானமே பாய் ஊத்திட்டாரு. தெக்குக்கு ஊத்தும்போது அவருக்குக் காய்ச்சல். பொழுது சாயத் திடல் ஓரத்துல பாய் இருந்த குடிசைக்குள்ள இருந்து நிறைச்சு வெளிய வச்சாங்க. நான் எடுத்துக்கிட்டுப் போனேன். உள்ள யாருன்னு நான் எட்டிப் பார்க்கலை."

யார் என்று சாமித்துரைக்குத் தெரியும். பூவனநாதனுக்கும் தெரிந்தது. அவன் சிரிப்பு நின்றது.

திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள்.

"பூவனம், அந்த மீசைக்காரன் நான்தாம்லே."

சைக்கிள் பள்ளத்தில் இறங்கி ஏறியது. பூவனநாதன் இவரைப் பார்த்தான். விளக்கில் தண்ணீர் இருந்ததையும், அதை வைத்துத் தான் கட்டிய கதையையும் சாமித்துரை ஒளிக்காமல் சொன்னார்.

"அப்ப தண்ணி ஊத்தினது அந்தம்மா," என்றான் பூவனநாதன். "எண்ணெயை ஒளிச்சு வச்சுக்கிட்டு, தண்ணியை ஊத்தி நிறைச்சிருக்கு. யுத்த காலம். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு அடிதடி நடந்த நேரம். அகப்பட்டதும் புருஷன் தலையைக் குடுத்துட்டாரு. ஆனா அதே அம்மா எதுக்கு இப்போ நம்மளைத் தேடி வரணும்?"

"புருஷன் சொல்லவே மாட்டாருங்கிற தைரியம். மகள் கல்யாணம் நடக்கணுமே."

சொன்னபோது நன்றாகப் பொருந்தியது. ரொம்ப நன்றாகவே பொருந்தியது. திருட்டு இருந்தது உண்மை, ஆள்தான் மாறிப்போனது என்றால், பதினைந்து வருஷப் பாரத்தில் பாதி இறங்கிவிடும். அவர் நடை வேகமானது. இன்றைக்கே அவளிடம் கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணினார்.

செய்யது அலியின் வீடு கோவில்பட்டியில் ஒரு குறுகிய தெருவில் இருந்தது. மூன்று நாளாக இவர்கள் வந்து போகிற வீடுதான். முன்னறையில் அவர் பெட்ரோமாக்ஸ் ரிப்பேர் பார்த்தார். இவர்கள் வந்தபோது குனிந்த தலை நிமிராமல் ஒரு விளக்கின் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். இந்த விசாரணை வேண்டாம் என்று முதல் நாளே மனைவியிடம் சத்தம் போட்டிருந்தாராம். அவள் கேட்கவில்லை.

"வாங்க அண்ணாச்சி, உட்காருங்க. நல்ல சேதியா?" உள்ளிருந்து பக்ருன்னிசா குரல் கொடுத்தாள். "இந்தா வந்துட்டேன். வியாழக்கிழமை இல்லையா, மஃரிபு தொழுகைக்கு முன்னால தர்காவுக்கு விளக்கு அனுப்பணும்."

நடுக்கூடத்தில் அவள் முன்னே நான்கு கண்ணாடிக் கிண்ணங்கள் இருந்தன. சாமித்துரை தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, ஒரு கேள்வி. அன்னைக்குச் சாயங்காலம்..."

அவள் செம்பை எடுத்தாள். ஒவ்வொரு கிண்ணத்திலும் பாதிக்குத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு தேங்காயெண்ணெய்ப் போத்தலைச் சாய்த்து, அதன்மேல் மெல்ல ஊற்றினாள். எண்ணெய் மேலே மிதந்து விளிம்பைத் தொட்டது. மிதவைத் திரியைப் போட்டாள்.

சாமித்துரை குனிந்து கிண்ணத்தைப் பார்த்தார்.

"எதுக்கு... அதுல தண்ணி?"

"தண்ணியா?" உலைக்கு எதற்கு அரிசி என்று கேட்டவரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள். "வெறும் எண்ணெய் ஊத்தினா, தீரும்போது கண்ணாடி சூடேறி வெடிச்சிருமே. தண்ணி மேல நின்னாத்தான் சுடர் நிமிர்ந்து நிக்கும். எங்க வாப்பா தர்காவுல விளக்குப் பார்த்தவுக. ஏழு வயசுல இருந்து நான் ஊத்துதேன். எந்த விளக்குன்னாலும் எங்க வீட்டுல இப்படித்தான். கேள்வி என்னன்னு சொல்லுங்க அண்ணாச்சி."

தர்காக் கிண்ணத்தில் திரி மேலே மிதக்கும். எண்ணெயை மட்டும் குடிக்கும். விமானத் திடல் விளக்கில் மூக்கு அடியிலிருந்து கிளம்பும்; திரி அதற்குள்ளே இருக்கும். முதலிலேயே எண்ணெயில் நனைத்த திரி கொஞ்ச நேரம் எரியும், பிறகு அடித் தண்ணீரை இழுக்கும், பொரியும், அணையும். பன்னிரண்டும் அப்படித்தான் அணைந்திருக்கின்றன. திருடனும் இல்லை, திருட்டும் இல்லை. புருஷன் வேலையைத் தன்னால் முடிந்த மட்டும் ஒழுங்காகச் செய்த ஒரு பெண்தான் இருந்தாள்.

பூவனநாதன் வாயைத் திறந்தான். சாமித்துரை அவன் காலை அழுத்தி மிதித்தார்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. விளக்கை முதல்ல அனுப்பு."

முன்னறைக்கு வந்தபோது செய்யது அலி பம்பைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

"பார்த்துட்டீங்களா, ஏட்டையா?"

சாமித்துரை அப்படியே நின்றார். "என்னைய எப்ப அடையாளம் கண்டீங்க பாய்?"

"முதல் நாளே. அடிச்ச கையை அடி வாங்கினவனுக்குத் தெரியாதா?" அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "லாக்கப்புல நீங்க தண்ணின்னு சொன்னதும் எனக்கு விளங்கிட்டு. யாருன்னு. அதான் ஒத்துக்கிட்டேன். நீங்க ஓங்கின கைக்குப் பயந்து இல்ல."

"அந்தம்மாவுக்குத் தண்ணி விஷயம்..."

"தெரியாது. மூடின அறையில நடந்தது. ஊருக்குப் போனது எண்ணெய்த் திருட்டுங்கிற சொல்லு மட்டும்தான். ஒரு உசுரு போயிருக்கு ஏட்டையா. இருபத்திரண்டு வயசுப் பையன்னு சொன்னாவ. அது தன் கையால போச்சுன்னு அறிஞ்சா அவ நாளைக்கு எந்திரிப்பாளா? எனக்குத் திருடன்னு பேரு லேசு. திருடலைன்னு எனக்குத் தெரியும், அல்லாவுக்குத் தெரியும்."

"ஜரினாவுக்கு?"

செய்யது அலி கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார். "அதுக்குத்தான் எனக்கு வழி தெரியலை."

சாமித்துரை ஸ்டூலில் உட்கார்ந்தார். சற்று முன்பு அந்தச் சாலையில் எவ்வளவு வேகமாக நடந்தோம் என்பது நினைவுக்கு வந்தது. இரண்டாவது தடவையும் அதே தப்பு. அன்று ஒரு விளக்கைச் சாய்த்துப் பார்த்து ஒருவரைத் திருடனாக்கினார். இன்று விளக்கைப் பார்க்காமலே அவர் மனைவியைத் திருடியாக்கப் பார்த்தார். தன் மூளையைப் பற்றி இத்தனை வருஷம் சுமந்துவந்த பெருமை எல்லாம் அருவருப்பாக இருந்தது.

"வழி இருக்கு பாய்," என்றார். "திருட்டுன்னு எழுதினவன் நான். திருடின எண்ணெயை நான் காட்டலை, வாங்கின ஆளைக் காட்டலை, இன்னொரு விளக்கைத் தொட்டுப் பார்க்கலை. நானா ஒரு கதை கட்டினேன், உங்களை அடிச்சேன், ஏட்டுப் பட்டை வாங்கினேன். இதை நாளைக்கு ஜமாஅத்துல எல்லாருக்கும் முன்னால நின்னு சொல்லுதேன். எழுதியும் தாரேன். இதுல ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்ல."

"அப்ப விளக்கு ஏன் அணைஞ்சுதுன்னு கேப்பாங்களே அண்ணாச்சி," என்றான் பூவனநாதன். கேலி அவன் குரலை விட்டுப் போயிருந்தது.

"கேப்பாங்க."

"ஊரு காறித் துப்பும். ஆபீஸை மூட வேண்டியதுதான்."

"மூடுவோம்."

விளக்குகளை அனுப்பிவிட்டுப் பக்ருன்னிசா முன்னறைக்கு வந்தாள். கையில் டீ டம்ளர்கள். "சொல்லுங்க அண்ணாச்சி. அவிய திருடலைன்னு ருசு கிடைச்சுதா?"

சாமித்துரை எழுந்து நின்றார். "கிடைச்சுது தங்கச்சி. பாய் திருடலை. யாருமே திருடலை. விசாரிக்காம, ஒரு கான்ஸ்டபிள் பொய்யா ஒரு கேஸை எழுதிட்டான்."

அவள் முகம் மலர்ந்த விதத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. "அல்ஹம்துலில்லாஹ்! நான் சொன்னேன்ல? நான் சொன்னேன்ல? யாரு அந்தப் பாவி? உசுரோட இருக்கானா?"

"இருக்கான். நான்தான் அவன்."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். செய்யது அலி மறுக்கவில்லை. டம்ளர்களைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"நீயா? மூணு நாளா எங்க வீட்டுல உட்கார்ந்து டீ குடிச்சது நீயா? என் புள்ளையைத் தகப்பன் முகம் தெரியாம நாலு வருசம் வளர்த்தேன். கடைத்தெருவுல நடந்தா, திருடன் பொண்டாட்டின்னு பின்னால பேசுவாங்க. மூணு நாளும் நீ மூச்சு விடலையே! உனக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கு."

"அப்ப விளக்கு எப்படி அணைஞ்சுது? அதைச் சொல்லு!"

செய்யது அலியின் கை துணியை இறுக்கிப் பிடித்தது. பூவனநாதன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அதை நான் விசாரிக்கவே இல்ல தங்கச்சி," என்றார் சாமித்துரை. "விசாரிக்க வேண்டியது என் வேலை. செய்யலை."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அதே குடிசைக்குள்ளதானே இருந்தேன்? எப்படி ஊத்தினேன், எதை ஊத்தினேன்னு ஒவ்வொண்ணா சொல்லியிருப்பேனே! அன்னைக்கே எல்லாம் வெளிய வந்திருக்குமே! ஏன் கேக்கலை?"

அவள் கண்ணில் இப்போதுதான் நீர் வந்தது. தன் சொல் ஒன்று போதும், புருஷனைக் காப்பாற்றியிருக்கும் என்று அவள் முழு மனதோடு நம்பினாள். அந்த நம்பிக்கையைச் சாமித்துரை கலைக்கவில்லை.

"கேட்டிருக்கணும்மா," என்றார்.

செய்யது அலி எழுந்து போய் மனைவியின் தோளில் கை வைத்தார். அவள் அந்தக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சாமித்துரை தலை நிமிராமல் படியிறங்கினார்.